கீமோவுக்குப் பிறகு இது ஏன் வருகிறது? அறிகுறியை வைத்து வழி கண்டுபிடிக்க

புற்றுநோய்க்குக் கீமோ என்றால் வாந்தி வரும், முடி கொட்டும். இந்த இரண்டுக்கும் எல்லோரும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் வருகிறார்கள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் கீமோ டே-கேர் வார்டுக்கு வீட்டிலிருந்து வரும் போன்களோ பெரும்பாலும் வேறு எதற்காகவோ வருகின்றன. தண்ணீர் குடித்ததும் தொண்டையை அடைத்துக்கொண்டது, விக்கல் நிற்கவே மாட்டேன் என்கிறது, சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழவில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வரும் பயம்தான் அந்தக் குரல்களில் அதிகம் கேட்கிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். காய்ச்சலைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

எந்த அறிகுறிக்கும் விடை தேடும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஏறிய மருந்தின் பெயர். "சிவப்பு மருந்து", "21 நாள் மருந்து", "பெரிய பாட்டில்" என்று சொன்னால் ராத்திரி டியூட்டியில் இருக்கும் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் என்று மருந்தின் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து நோயாளியின் போனிலும் துணைக்கு இருப்பவர் போனிலும் வையுங்கள்.

இன்னொன்று, நாள் கணக்கு. மருந்து ஏறிய நாளை முதல் நாளாக வைத்து, தினக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கும் பத்தாம் நாள் வயிற்றுப்போக்கும் ஒன்றல்ல. மருந்தும் நாளும் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இதில் வரும் மாத்திரை எதையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடுவதற்காக எழுதவில்லை. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததை எப்போது எடுப்பது, எதற்குப் போன் செய்வது, எதற்கு உடனே கிளம்புவது என்று தெரிவதற்காகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்வது இந்த வைத்தியத்தில் உதவாது. சொன்னால் அடுத்த தடவை அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளிப் போடலாம், முன்கூட்டியே வேறு மருந்து தரலாம். சொல்லாமல் விட்டால் அதே அளவு மறுபடி ஏறும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம்

வாய்க்குள் வைத்துப் பார்த்ததில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், மணி என்ன என்று பார்க்காதீர்கள். உடனே போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காரணம் இது. பல கீமோ மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதிலும் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால், உடம்புக்குள் நுழைந்த கிருமியைத் தடுக்க ஆளில்லை. வழக்கமாக நோய்த்தொற்று என்றால் எங்காவது சிவக்கும், வீங்கும், சீழ் வைக்கும். அந்தச் சீழே பெரும்பாலும் வெள்ளை அணுக்களால் ஆனதுதான். அணுக்களே இல்லாதபோது சீழும் இருக்காது, சளியும் கட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் ஒரே அடையாளம். காலையில் 100.4 என்று எழுந்து உட்கார்ந்து காபி குடித்தவர், சாயங்காலம் ரத்த அழுத்தம் இறங்கி ஐசியுவில் இருப்பது நடக்கக்கூடியதே. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறிவிட வேண்டும் என்பதுதான் உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு.

இதில் வீட்டில் நடக்கும் தவறுகள் சில உண்டு. உடம்பு சுட்டதும் பாராசிட்டமால் கொடுத்துவிடுவார்கள். சூடு இறங்கும், கிருமி இறங்காது. முதலில் அளவு பாருங்கள், அதை எழுதி வையுங்கள், போன் செய்யுங்கள், டாக்டர் சொன்னால் மாத்திரை கொடுங்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. முப்பது நாளைக்கு ஒரு தடவை தேவைப்பட்டாலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சூடான காபியோ தண்ணீரோ குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து நாக்குக்கு அடியில் வையுங்கள். வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம், ஆனால் அங்கே ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது, எனிமா கொடுப்பது, ஆசனவாய் மாத்திரை வைப்பது எதுவும் கூடாது. அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தாலும் கிருமி நேராக ரத்தத்தில் போய்விடும்.

காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தால்? அதுவும் போன் செய்ய வேண்டிய விஷயம்தான். வாந்திக்காகக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். மருந்து ஏற்றுவதற்காக உடம்புக்குள் பொருத்திவைக்கும் குழாய், அதாவது போர்ட் அல்லது பிக் லைன் போட்டவர்களுக்கு, அதில் மருந்து செலுத்திக் கழுவிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வந்தால் லைனுக்குள்ளேயே கிருமி இருக்கலாம். எந்த நேரத்தில் நடுக்கம் வந்தது என்று சொல்லுங்கள், அது பெரிய துப்பு.

அக்கம்பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பார்க்க வேண்டும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும், ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இந்த மூன்றும் இருக்கும் இடமாகப் போக வேண்டும்.

மருந்து ஏறும்போதே ஏதோ வித்தியாசமாக இருக்கிறது

ட்ரிப்ஸ் ஏறும் கையில் எரிச்சல், குத்தல், வீக்கம் தெரிந்தால் அந்த நொடியே கூப்பிடுங்கள். டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், வின்கிறிஸ்டின் போன்றவை ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். வார்டில் நான் அடிக்கடி பார்ப்பது இது: பக்கத்துக் கட்டிலில் நர்ஸ் மும்முரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாவம், வேலையாக இருக்கிறார்கள்" என்று கையைச் சேலைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருந்தை நிறுத்த ஒரு நிமிடம் போதும். ஆறாத புண்ணை ஆற்ற மாதங்கள் ஆகும். வீட்டுக்குப் போன பிறகு அந்த இடம் சிவந்தாலோ கொப்பளித்தாலோ அதையும் சொல்லுங்கள். நீங்களாக ஒத்தடம் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டினுக்குச் சூடு ஒத்தடம். மாற்றிச் செய்தால் கெடுதல்.

முகம் குப்பென்று சிவப்பது, நெஞ்சு இறுக்கம், இடுப்பு வலி, அரிப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் ஒவ்வாமையாக இருக்கலாம். பாக்லிடாக்செலில் இது பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது தடவை, அதுவும் மருந்து ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் வரும். கார்போபிளாட்டின் இதற்கு நேர்மாறு. பல தடவை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஏறியிருக்கும், ஏழாவது எட்டாவது தடவையில் திடீரென்று வரும். "எனக்கு இந்த மருந்து பழகிவிட்டது" என்று நினைத்துப் பேசாமல் இருக்க வேண்டாம்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது

டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், டானோரூபிசின் ஏறியதா? முதல் ஓரிரண்டு நாள் மட்டும் சிவப்பா? எரிச்சல் இல்லையா? அப்படியென்றால் அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள், தெளிந்துவிடும். மைட்டோசான்ட்ரோன் எடுத்தவர்களுக்கு நீலப் பச்சையாகக்கூடப் போகும், அதுவும் நிறம்தான்.

மூன்று நாள் தாண்டியும் சிவப்பாக இருந்தால், எரிச்சல், அடிவயிற்று வலி, கட்டி கட்டியாக ரத்தம் என்று எது இருந்தாலும் அது வேறு கதை. சைக்ளோபாஸ்பமைடும் ஐஃபாஸ்ஃபமைடும் சிறுநீர்ப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். ஐஃபாஸ்ஃபமைடோடு மெஸ்னா என்ற மருந்தைச் சேர்த்து ஏற்றுவது இதைத் தடுக்கத்தான். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து சிறுநீர் கழிக்கச் சோம்பல்பட்டு அடக்கிக்கொள்வதும் இந்த மருந்துகளில் கெடுதல்தான்.

வாந்தி: முதல் நாள் இல்லை, மூன்றாம் நாள் வருகிறது

"ஊசி போட்ட அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தேன்" என்பார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் வாந்தி இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், ஐந்து நாள் வரை இழுக்கும். அதனால்தான் வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். முதல் நாள் குமட்டல் இல்லை என்று அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டால் மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வீர்கள். வாந்தி வந்த பிறகு அடக்குவதைவிட வராமல் தடுப்பது பல மடங்கு சுலபம்.

ஒலான்சபைன் என்ற மாத்திரையை ராத்திரிக்கு எழுதியிருந்தால், கடையில் யாரோ "இது மனநோய்க்கான மாத்திரை" என்று சொன்னதைக் கேட்டு அதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்த நோய்க்கும் அது கொடுக்கப்படுகிறது என்பது உண்மைதான். கீமோ குமட்டலை அடக்குவதில் இன்று இருக்கும் நல்ல மருந்துகளில் அதுவும் ஒன்று. பகலிலும் தூக்கம் அசத்தினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்த ஆய்வில், 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 மில்லிகிராம் கொடுத்தே வாந்தியைக் கட்டுப்படுத்த முடிந்தது, அசதியும் குறைந்தது. 2024-இல் இந்த முடிவு வெளிவந்தது. ஆக, அளவைக் குறைக்க வழி இருக்கிறது, நிறுத்த வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும், டெட்டால் வாசனை பட்டதும் வாந்தி வருகிறதா? அது மனப்பிரமை இல்லை. முந்தைய தடவை பட்ட பாட்டை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கும் முந்தின நாள் ராத்திரி கொடுக்கும் மாத்திரை உண்டு, கேளுங்கள்.

ஒரு நாள் முழுக்க மாத்திரையோ தண்ணீரோ வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் இருக்க வேண்டாம். குறிப்பாகச் சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களுக்கு நீர் வற்றினால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. வாந்தியைத் துடைப்பவர்கள் மருந்து ஏறிய பிறகு இரண்டு நாள் வரை கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள், கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள்.

வயிற்றுப்போக்கு

வழக்கமாகப் போவதைவிட ஒரு நாளைக்கு நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுந்து போக வேண்டியிருந்தாலோ அன்றே போன் செய்யுங்கள். கேப்சைட்டபைன் மாத்திரை சாப்பிடுபவர்கள் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் போன் செய்யுங்கள். "கோர்ஸை நடுவில் விடக்கூடாது" என்று நினைத்து விடாப்பிடியாகச் சாப்பிட்டு ஆபத்தில் வந்து சேர்பவர்கள் உண்டு. நடுவில் நிறுத்துவதும் இந்த மாத்திரையின் முறையில் ஒரு பகுதிதான். நிறுத்திய வேளைகளைப் பிறகு சேர்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

முதல் சுற்றிலேயே, கொஞ்ச நாளிலேயே, வாய்ப்புண்ணும் பேதியும் காய்ச்சலும் கைகோத்துக்கொண்டு கடுமையாக வந்தால் இன்னொரு சந்தேகம் எழ வேண்டும். கேப்சைட்டபைனையும், அதே வகை ஊசி மருந்தான 5-எஃப்யூவையும் உடைக்கும் டிபிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகிவிடும். இதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். வீட்டில் வேறு யாருக்காவது இதே மருந்து கொடுத்து மிக மோசமாக ஆகியிருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

இரினோடிகான் எடுத்தவர்களுக்கு இரண்டு விதமான பேதி வரும். மருந்து ஏறும்போதோ அன்றைக்கேயோ வியர்வை, வாயில் எச்சில் ஊறல், வயிற்றைப் பிசைதல் இவற்றோடு வருவது ஒன்று. அதற்கு அட்ரோபின் ஊசி. ஒரு நாள் கழித்து வருவது இன்னொன்று. அதற்கு லோபரமைடு, அதுவும் சாதாரண பேதிக்குச் சொல்வதைவிட அதிக அளவில், எந்த இடைவெளியில் என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டை மாத்திரை டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். பேதியோடு காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் லோபரமைடு போட வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரி.

ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். தம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குவது பயனில்லை. பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. ராத்திரி ஊற வைத்த பழைய சோறு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வேண்டாம், அன்றன்று சமைத்ததே நல்லது.

மலச்சிக்கல்

வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானே மலச்சிக்கலையும் தலைவலியையும் கொண்டு வரும் என்று பலருக்குத் தெரியாது. மார்ஃபின், வின்கிறிஸ்டின் இரண்டும் அப்படித்தான். மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லுங்கள். வின்கிறிஸ்டின் எடுத்தவர்களுக்கு வயிறு உப்பி, வாயு பிரியாமல், வாந்தியும் வந்தால் குடல் அசைவே நின்றிருக்கலாம், உடனே வர வேண்டும். அதே மருந்தில் முதல் வாரம் தாடை வலிப்பதும் உண்டு. பல் டாக்டரிடம் ஓடுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

வாய்ப்புண்

ஐந்தாம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டாவது வாரம் முடியும்போது ஆற ஆரம்பிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் நடுநடுவிலும் கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். டிவி விளம்பரத்தில் வரும் காரமான மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கும், அது புண்ணை இன்னும் எரிக்கும். சாப்பாடு குழைவாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும். ரசத்தில் புளியும் மிளகும் எரிச்சல் தந்தால் கொஞ்ச நாள் பருப்புத் தண்ணீருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சை. உப்புத் தண்ணீர் போதாது, தனி மருந்து வேண்டும். தண்ணீரே விழுங்க முடியவில்லை என்றால் வலிநிவாரண ஜெல்லோ ட்ரிப்ஸோ தேவைப்படும். 5-எஃப்யூவை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டை வாயில் வைத்திருந்தால் புண் குறையும். ஆனால் அதோடு ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்து ஏறினால் ஐஸ் பக்கமே போகக் கூடாது.

தண்ணீர் குடித்ததும் தொண்டை அடைக்கிறது, ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

இது ஆக்சாலிபிளாட்டினின் கையெழுத்து. மருந்து ஏறிய அன்றிலிருந்து சில நாள், குளிர்ந்தது எது பட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், தாடை இறுகும், தொண்டை மூடிக்கொண்டதுபோல இருக்கும். உண்மையில் மூச்சுக்குழாய் மூடவில்லை, நரம்புகள் அப்படி உணர வைக்கின்றன. வெந்நீரை மெல்ல உறிஞ்சுங்கள், கழுத்தில் துண்டைச் சுற்றுங்கள், சில நிமிடத்தில் விடும். தடிப்பு, முக வீக்கம், இழுப்புச் சத்தம் இருந்தால் மட்டும் அது ஒவ்வாமை என்று கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

நம் ஊர் வெயிலில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஏசி பஸ், மொசைக் தரை, காலையில் குழாயில் வரும் தண்ணீர், ஃப்ரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுப்பது, எல்லாமே தொந்தரவு தரும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

கை கால் மரத்துப்போகிறது

குளிரோடு வந்து போவது ஒன்று, நீண்ட நாள் தங்குவது இன்னொன்று. பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின், போர்ட்டெஸோமிப் எல்லாம் நரம்பைத் தாக்கும். "கொஞ்சம் மரமரப்பு" என்று சொன்னால் டாக்டருக்கு அளவு புரியாது. சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, சேலைக்கு ஊக்கு குத்த முடிகிறதா, செருப்பு கழன்று போவது தெரிகிறதா, இப்படிச் சொல்லுங்கள். பொத்தான் போட முடியாத நிலை என்றால் அடுத்த தடவை அளவைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆக்சாலிபிளாட்டினில் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம், அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோயில் பிரகாரத்துக் கல் நண்பகலில் எப்படிச் சுடும் என்று தெரியும்தானே, மரத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். காலையிலேயோ சாயங்காலமோ போங்கள்.

நரம்புச் சத்து மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெத்தில்கோபாலமின் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் அசிட்டைல்-எல்-கார்னிடின் சேர்ந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு டாக்சேன் வகை (பாக்லிடாக்செல் போன்ற) மருந்து எடுத்த பெண்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மரமரப்பு குறையவில்லை, கூடியது. அது 2013-லேயே வெளிவந்த செய்தி. வலியும் எரிச்சலும் அதிகமானால் டுலாக்செட்டின் உதவும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

உள்ளங்கை சிவந்து உரிகிறது, கைரேகை விழவில்லை

கேப்சைட்டபைன் எடுப்பவர்களுக்கு அடிக்கடி வருவது. முதலில் கூச்சம், அப்புறம் சிவப்பு, அப்புறம் வெடிப்பும் உரிதலும். வெந்நீரில் பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவது, இறுக்கமான செருப்பு மூன்றையும் விடுங்கள். யூரியா கலந்த கிரீமைத் தாராளமாகப் பூசுங்கள். தில்லி எய்ம்ஸில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் தடவிக்கொண்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கும் தொந்தரவு தரும் அளவு கை கால் உரிதல் வந்தது. வலிக்குத் தடவும் சாதாரண, விலை மலிவான ஜெல் அது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தடவும் ஜெல்தான், டைக்ளோஃபெனாக் மாத்திரை வேண்டாம்.

நாளாக ஆக விரல் ரேகையே தேய்ந்துவிடுவது உண்டு. இந்த மருந்து எடுத்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை இல்லாமல் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டதை 2009-இல் மருத்துவ இதழே பதிவு செய்திருக்கிறது. நம் ஊரில் ரேஷன் கடையிலும் பென்ஷன் வாங்கும் இடத்திலும் வங்கியிலும் சிக்கல் வரும். கண் ரேகை பார்க்க முடியுமா, வீட்டில் வேறு உறுப்பினர் கைரேகை வைக்கலாமா என்று கேளுங்கள். சிகிச்சை எடுப்பதாக டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைவசம் வையுங்கள்.

விக்கல், தூக்கமின்மை, ஏறும் சர்க்கரை

மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன். விக்கல் ஆண்களுக்குத்தான் அதிகம். சர்க்கரையை நாக்கில் வைத்தும் நிற்காமல் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது. தூக்கம் வராவிட்டால் ஸ்டீராய்டைக் காலையிலேயே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், ஸ்டீராய்டு மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். நான்காம் ஐந்தாம் நாள் திடீரென்று துவண்டு போவது, அந்த ஸ்டீராய்டு நின்றதால் இருக்கலாம். ஓரிரு நாளில் தேறிவிடும்.

இடுப்பும் முதுகும் விண்விண் என்று வலிக்கிறது

வெள்ளை அணுவைக் கூட்ட வயிற்றில் ஊசி போட்டீர்களா? பில்கிராஸ்டிம், பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் வரும் வலி இது. எந்த வலி மாத்திரை போடலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள், போடும் முன் காய்ச்சல் பார்த்துவிடுங்கள். இடது விலாவுக்குக் கீழும் இடது தோளிலும் கடும் வலி வந்தால் மண்ணீரலைப் பார்க்க வேண்டும், அது அபூர்வம் என்றாலும் காத்திருக்கக் கூடாது. பெக்ஃபில்கிராஸ்டிமைக் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். ஊருக்கு எடுத்துப் போகும்போது ஐஸில் நேரடியாகப் புதைக்காதீர்கள், உறைந்தால் கெட்டுப்போகலாம்.

ஒரு பக்கமாகக் கொப்புளம்

முதுகிலோ விலாவிலோ ஒரே பக்கமாக எரிச்சல், இரண்டு நாளில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் எழுந்து வருகிறது. குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். கீமோவில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், உடைந்த கொப்புளத்தில் மண் படவும் வேண்டாம். ஆசைக்ளோவிர் வகை மருந்தை மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நாள் கடந்திருந்தாலும் வாருங்கள், கீமோ நோயாளிகளுக்குத் தாமதமாகவும் கொடுக்கிறோம். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் கண் டாக்டரும் பார்க்க வேண்டும்.

வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டியதோடு விட்டுவிடாமல், நோயாளியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள்.

சிறு சிவப்புப் புள்ளிகள், ரத்தக் கசிவு

முழங்காலுக்குக் கீழே ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், பல் தேய்த்தால் நிற்காத ரத்தம், கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், தார் போன்ற மலம் எல்லாம் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கியதைக் காட்டலாம். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதைச் சாப்பிடுகிறீர்களா என்று சேர்த்துச் சொல்லுங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரை கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தானாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள். பப்பாளி இலைச் சாறு, சீந்தில் பொடி, அருகம்புல் சாறு என்று அன்பினால் வாங்கி வருவார்கள். வேகாத இலைச் சாறு கிருமியையும் கொண்டு வரும், சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை இந்திய மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். எதைச் சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள், யாரும் திட்டப் போவதில்லை.

காத்திருக்கவே கூடாதவை

5-எஃப்யூவை மெல்ல மெல்ல ஏற்றும் பம்ப் ஓடும்போதோ கேப்சைட்டபைன் சாப்பிடும்போதோ நெஞ்சு வலித்தால் இதய ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். மாத்திரையை நிறுத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, அதோடு மூச்சு வாங்கினால் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம். பிளியோமைசின் எடுத்தவர்களுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நுரையீரலிலிருந்து வரலாம். டாக்ஸோரூபிசினோ டிராஸ்டுஸுமாபோ எடுத்தவர்கள் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். திடீரென்று பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, பகல் ராத்திரி குழம்புவது, இவை ஐஃபாஸ்ஃபமைடாலும் வரும், உடம்பில் சோடியம் இறங்கினாலும் வரும், கிருமி ரத்தத்தில் பரவினாலும் வரும். வயதானவர்தானே என்று விடாதீர்கள்.

காதில் ரீங்காரம் அவசரம் இல்லை. ஆனால் சிஸ்பிளாட்டின் அடுத்த தடவை ஏறும் முன் சொல்லியே ஆக வேண்டும். போன கேட்கும் திறன் திரும்பாது.

போனில் என்ன சொல்வது

"உடம்பு சரியில்லை" என்று தொடங்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மார்பகப் புற்றுநோய், வயது 52. டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் ஏறி இன்று பத்தாம் நாள். அரை மணி முன்னால் காய்ச்சல் 101. குளிர் நடுக்கம் ஒரு தடவை. மாத்திரை எதுவும் போடவில்லை. தண்ணீர் இறங்குகிறது, சிறுநீர் மத்தியானம் போனது. சர்க்கரை உண்டு."

எங்கள் எண் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியும் தூரம் என்றால், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். ஓபி சீட்டு வாங்கி வரிசையில் உட்காராதீர்கள், பக்கத்தில் இருமுகிறவர்களிடமிருந்து கிருமி தொற்றும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "கீமோ நோயாளி, பத்தாம் நாள் காய்ச்சல், வெள்ளை அணு குறைந்திருக்கலாம்" என்று முதலில் எதிர்ப்படும் நர்ஸிடமே சொல்லுங்கள். கூட இருப்பவர் தயங்கினால் நோயாளியே சொல்லலாம். ஆன்டிபயாடிக் ஏற ஆரம்பித்ததும் உங்கள் புற்றுநோய் டாக்டருக்கு மறுபடி முயற்சி செய்து, அந்த டாக்டரை இந்த டாக்டரோடு பேச வையுங்கள்.